ஆயுத பூஜையன்று கெட்டுப்போன புரதம்

1

இந்தக் கதையை நான் முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று பக்கம். அதற்குப் பெயர் டீவியேஷன் ரிப்போர்ட். தொழிற்சாலையில் ஒரு வேலை சொன்ன முறைப்படி நடக்காமல் கோணிப்போனால், ஏன் கோணியது, யாரால் கோணியது என்று எழுதிக் கோப்பில் வைப்பார்களே, அது. அதில் வருகிறவர்களுக்குப் பெயர் இருக்காது. பணியாளர், மேலாளர் என்றுதான் வரும். என் பெயர் மட்டும் கடைசிப் பக்கத்தில், 'தயாரித்தவர்' என்ற கட்டத்துக்குள் இருக்கிறது. இனியவன், ஆவணப் பிரிவு.

அந்த அறிக்கை பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும். எழுதி முடித்துவிட்டு கேண்டீனுக்குப் போய் லெமன் சாதம் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதைத்தான் இப்போது தமிழில் திருத்திக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் திருத்துவதற்கென்று ஒரு முறை உண்டு. வெள்ளை மை கூடாது, அழிப்பான் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பமும் காரணமும். பதினோரு வருடமாக மற்றவர்களுக்கு இதைப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கதையில் நான் அடித்ததெல்லாம் உங்கள் கண்ணுக்கும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

[அடித்தது: ஒரகடம் சாலையில், கார் ஏற்றிய நீளமான லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே, உலகம் அறியாத ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. — இ. காரணம்: அதிசயம் ஒன்றும் இல்லை. மூன்று ஷிஃப்ட் வேலை.]

[அடித்தது: கல்யாணமாகி நாலு வருடமாகியும் மடி நிறையாத சசிரேகா, மனித விந்தணுப் புரதம் இருந்த குப்பியைக் கையில் எடுத்தபோது அவள் கண்கள் தாமாகவே — இ. காரணம்: ஐந்தாம் பகுதியில்.]

சரி, நேராகச் சொல்கிறேன். ஆணின் விந்தணு பெண்ணின் கருமுட்டையைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால் விந்தணுவின் தலையில் ஒரு புரதம் இருக்க வேண்டும். முட்டையின் மேல் அதற்கொரு ஜோடிப் புரதம் காத்திருக்கும். இரண்டும் கைகோத்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். ஜப்பான்காரர்கள் இதைக் கண்டுபிடித்து, கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ளும் தங்கள் ஊர்க் கோயில் ஒன்றின் பெயரை வைத்தார்கள்: இசூமோ. எங்கள் கம்பெனி இதை எந்த ஆணிடமிருந்தும் எடுப்பதில்லை. இந்தப் புரதத்துக்கான மரபணுவை வேறு செல்களுக்குள் செலுத்தி, அந்தச் செல்களை வளர்த்து, அவை சுரப்பதை வடித்துச் சுத்தம் செய்து, சுண்டுவிரல் உயரக் குப்பிகளில் உறையவைத்து அனுப்புகிறோம். கருத்தரிப்பை ஆராய்கிறவர்கள் வாங்குகிறார்கள். எல்லாப் பரிசோதனையும் சரியென்று வந்த பிறகும் சில தம்பதிகளுக்கு ஏன் கரு நிற்பதில்லை என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனிக்குள் யாரும் இதன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. பட்டியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து 'எழுபத்தொண்ணு' என்பார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்களும் அப்படித்தான். சசிரேகா மட்டும் முழுப் பெயரைச் சொல்வாள். ஒருமுறை நான் லேசாகச் சிரித்தபோது, "விந்தணுப் புரதம்னு சொன்னா இன்னா சார், வாய் வெந்துடுமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளிடம் எனக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் மீதிக் கதை.

3

சசிரேகா வடக்குப்பட்டுக்காரி. பி.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படித்தவள். ஒப்பந்தத் தொழிலாளியாக இங்கே மூன்றாவது வருடம். தை பிறந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

விடுமுறைக்கு முந்தின நாளே கம்பெனியில் ஆயுத பூஜை. அன்று காலை ஏழு மணிக்கு அவள் ஓட்டத்தைத் தொடங்கினாள். ஒன்பது நாள் வளர்த்த செல்களின் வடிநீர் நாலு லிட்டர். அது ஒரு கண்ணாடித் தூண் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். விந்தணுப் புரதம் மட்டும் தூணுக்குள் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கீழே போய்விடும். பன்னிரண்டு மணி நேர வேலை, முழுவதும் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிக்குள். குளிர் போனாலும் கெடும், ஓட்டம் நின்றாலும் கெடும். [அடித்தது: கைக்குழந்தையைப் போல — இ. காரணம்: மறுபடியும் அதே புத்தி.] பால் காய்ச்சுகிறவள் மாதிரி பக்கத்திலேயே நிற்க வேண்டும். சசிரேகா நின்றாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட, கூட வேலை செய்யும் எழிலரசியை நிற்கவைத்துவிட்டுத்தான் போனாள்.

மூன்று மணிக்கு உற்பத்தி மேலாளர் பெருமாள்சாமி வந்தார். பின்னாலேயே வாழைக்கன்று, பூசணிக்காய், ஒரு மூட்டை பொரி. ஃப்ரீசர் கதவுகளிலெல்லாம் சந்தனமும் குங்குமமும் ஏறின. சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்குச் சாமந்தி மாலை விழுந்தது.

"எல்லா மிஷினையும் அமத்துங்கப்பா. ஓடுத மிஷினுக்குப் பூஜை போடக் கூடாது."

பெருமாள்சாமி சாத்தூர்ப் பக்கத்துக்காரர். இருபது வருடம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். அங்கே இது அழகான வழக்கம். வருடமெல்லாம் இடித்த பிரஸ்ஸும் சுற்றிய லேத்தும் ஒரு நாள் ஓய்வெடுக்கும். நிறுத்திய இரும்பு மறுநாள் மறுபடி ஓடும். இங்கே இயந்திரத்துக்குள் இருப்பது இரும்பில்லை என்பதை அவருக்கு இரண்டு வருடத்தில் யாரும் புரியவைக்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சசிரேகா குறுக்கே வந்தாள். "சார், இத மட்டும் நிறுத்தாதீங்க. ஓட்டிக்கினு இருக்கேன். உள்ள விந்தணுப் புரதம் கீது."

தோரணம் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பெருமாள்சாமியின் முகம் சுருங்கியது.

"ஏம்மா, சாமி கும்பிடுத இடத்துல அந்தப் பேச்சைப் பேசாதே. எழுபத்தொண்ணுன்னு சொல்லு."

"எழுபத்தொண்ணுன்னே சொல்றேன் சார். நிறுத்தினா பூடும்."

"இருவது நிமிசம். முதலாளி வந்து சூடம் காட்டுன உடனே போட்டுருவோம். வருசத்துல இருவது நிமிசம் மிஷினுக்கு ஓய்வு குடுக்க மாட்டியா?"

இருபது நிமிடம் என்றால் பெட்டிக்குள் இருக்கும் குளிரே தாங்கும் என்று அவள் மனக்கணக்குப் போட்டாள். நகர்ந்தாள். பெருமாள்சாமி தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கினார். மணி மூன்று பத்து.

முதலாளியின் கார் சுங்குவார்சத்திரத்தில் நெரிசலில் நின்றுவிட்டது. இருபது நிமிடம் நாற்பதானது. சசிரேகா கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லிப்பு குறைந்துகொண்டு வந்தது. போய்க் கேட்டாள். முதலாளி எப்போது வருவார் என்று மட்டும். இதோ வருவார் என்றார்கள். நாலேகாலுக்கு மறுபடி போனாள்.

"சார், அவரு வர வரைக்கும் போட்டுக்கறேன். கேட்டாண்ட வந்ததும் நிறுத்திக்கலாம்."

"மாலை போட்டாச்சும்மா. மாலை போட்ட மிஷினை ஓட்டக் கூடாது."

அவளுக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கேண்டீனுக்கு ஓடி ஐஸ் கட்டி வாங்கி, பிளாஸ்டிக் பைகளில் போட்டு, எழிலரசியும் அவளுமாகத் தூணைச் சுற்றி அடுக்கினார்கள். ஐஸ் உருகித் தரையில் ஓடியது. தரையில் கோலம் இருந்தது. "கோலத்தை அழிக்காதீங்கம்மா!" என்று பெருமாள்சாமி பைகளை அள்ளி வெளியே போடச் சொன்னார். அதற்குப் பிறகும் அவள் இரண்டு முறை போய்க் கேட்டாள். கடைசி முறை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறரைக்கு முதலாளி வந்தார். சூடம், போட்டோ, வாசலில் பூசணிக்காய். ஆறு நாற்பத்தைந்துக்கு மின்சாரம் வந்தது. சசிரேகா தூணிலிருந்து இறங்கியதைக் குழாயில் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர்போல இருக்க வேண்டியது அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. தூணுக்குள் ஒட்டியிருக்க வேண்டிய புரதம் திரிந்து, வெள்ளைத் துகள்களாக அடியில் இறங்கியது. யாரோ அவள் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனார்கள்.

4

விடுமுறை முடிந்ததும் பெருமாள்சாமி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அந்தப் புரதத்துக்காக மூன்று மாதமாகக் காத்திருந்தது. ஏன் வராது என்று எழுதி அனுப்ப வேண்டும்.

"பூஜைன்னு எழுதினா வெள்ளைக்காரன் சிரிப்பான் இனியவன். வேற காரணம் வேணும்."

"பவர் கட்டுன்னு எழுதலாமா சார்?" என்றேன். ஆமாம், நான்தான். முதல் பொய்யை எடுத்துக்கொடுத்தது நான்.

"ஜெனரேட்டர் எங்கன்னு கேப்பான். ஆள் தப்புன்னு எழுதிரு. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி நாலு வருசமா குழந்தை இல்ல. பொழுதன்னைக்கும் இந்தக் கண்றாவியோடயே வேலை. மனசு கெட்டுப்போயிக் கவனம் செதறிருக்கும். எழுது, படிக்கிறவனுக்கும் எரக்கமா இருக்கும்."

நான் எழுதினேன். இப்படி: 'பணியாளரின் தனிப்பட்ட சூழலும் கையாண்ட பொருளின் தன்மையும் சேர்ந்து அவரது கவனத்தைப் பாதித்திருக்கக்கூடும். குளிர்நிலை மாற்றத்தை அவர் கவனிக்கத் தவறினார். பரிந்துரை: பணியிலிருந்து விடுவித்து மறுபயிற்சி.' ஆங்கிலத்தில் இன்னும் மென்மையாக இருக்கும். யாரையும் திட்டாத நடை. பெருமாள்சாமி படித்துவிட்டு, "உனக்கு நல்லா எழுத வருது" என்றார்.

எனக்கு இப்போது வருகிற ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கெட்டது ஆணின் அணுவில் இருக்கிற புரதம். கெடுத்தது ஓர் ஆணின் உத்தரவு. எழுதியது இன்னோர் ஆணின் கை. பழி போய் உட்கார்ந்தது ஒரு பெண்ணின் வயிற்றில். வீடுகளில், விசேஷங்களில், டாக்டர் வாசலில் காலகாலமாக நடப்பதை நாங்கள் குளிர்சாதன அறையில், எண் போட்ட தாளில், சுத்தமான ஆங்கிலத்தில் செய்தோம். அந்தக் குற்றச்சாட்டு சரிதானா என்று என்றைக்காவது ஆண் பக்கத்திலும் பார்க்கலாம் என்றுதான் யாரோ ஆராய்ச்சிக்கு இந்தப் புரதத்தைக் கேட்டிருந்தார்கள். வெட்கமாக இருக்கிறது. அன்று இருக்கவில்லை.

5

அறிக்கையின் அடியில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று பணியாளர் கையெழுத்துப் போட ஒரு கட்டம் உண்டு. சசிரேகா போடவில்லை. மறுநாள் அவளுடைய அட்டையைத் தேய்த்தால் கேட் திறக்கவில்லை. ஒப்பந்தக்காரர் அவளைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். இந்தச் சாலையில் பாதிக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர் அவர்தான். 'கவனக்குறைவு' என்று ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை அவளுக்கு எந்த ஆய்வகக் கதவும் திறக்காது.

எனக்கு உறுத்தியது. உறுத்தியதற்குப் பரிகாரமாக ஒரு சிறுகதை எழுதினேன். இரண்டாம் பகுதியில் அடித்தேனே, அந்த வரியில் தொடங்கும் கதை. அதில் அவள் குழந்தை இல்லாத ஏக்கத்தோடு அந்தப் புரதத்தைப் பார்த்துப் பார்த்து உருகுவாள், கெட்டுப்போனதும் குப்பியை மார்போடு அணைத்து அழுவாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வாட்ஸாப்பில் அவளுக்கு அனுப்பினேன். சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"இன்னா சார் இது? பெருமாள்சாமி சார் சொன்னதையே நீங்க தமிழ்ல அழகா சொல்லிக்கிறீங்க."

"இல்லீங்க சசிரேகா, நான் உங்க பக்கம் நின்னுதான்..."

"எங்க நின்னீங்க? குப்பியக் கட்டிப்புடிச்சிக்கினு அழறேன்னு எழுதிக்கிறீங்க. மைனஸ் எம்பதுல இருந்து எடுத்தத எவளாச்சும் கட்டிப்புடிப்பாளா? தோலு உரிஞ்சிடும் சார்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்குக் கொழந்த வேணுமா வேணாவா, ஏன் இல்ல, அதெல்லாம் நானும் என் வூட்டுக்காரரும் பேசிக்கிறது. உங்க ரிப்போர்ட்டுலயும் வரக்கூடாது, உங்க கதையிலயும் வரக்கூடாது. நான் அத பன்னெண்டு வாட்டி ஓட்டிக்கிறேன். பதினோரு வாட்டி சுத்தமா வந்துது. இந்தக் கம்பெனில வேற யாருக்காச்சும் அப்டி வந்துதா? அத எழுதுனீங்களா?"

எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. மேலாளரின் மூளையும் என் மூளையும் தனித்தனியாக யோசித்து ஒரே கதையைக் கண்டுபிடித்திருக்கின்றன. அவர் அதை வைத்து ஒரு பெண்ணை வெளியே தள்ளினார். நான் அதை வைத்து ஒரு நல்ல சிறுகதை எழுதப் பார்த்தேன்.

(அடிக்குறிப்பு: அவளுக்கு ஏன் குழந்தை இல்லை என்று இந்நேரம் உங்களுக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். எனக்கும் எழுந்தது. விடை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.)

6

அன்று டீக்கடையில் என் மரியாதையைக் கொஞ்சமாவது மீட்டுக்கொள்ளலாம் என்று அவளிடம் ஓர் உண்மையைச் சொன்னேன்.

உற்பத்தியின்போது எழுதும் தாள்களுக்கு நான்தான் எண் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பேன். பதினான்காம் தாளில் அவள் அன்றைக்கே எழுதிவைத்திருந்தாள்: 'மாலை 3.10 முதல் 6.45 வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. காரணம்: பூஜை. உத்தரவு: உற்பத்தி மேலாளர். நான்கு முறை ஆட்சேபித்தேன்.' பெருமாள்சாமி கேட்டார் என்று இன்னொரு பதினான்காம் தாளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் தன் கையால் நிரப்பிய அதில் பூஜை இல்லை, உத்தரவு இல்லை, ஆட்சேபம் இல்லை. பழையதைத் தாள் அரைக்கும் மிஷினில் போடச் சொன்னார். நான் போடவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எண் போட்ட தாளை அழிக்க என் கை பழகவில்லை, அவ்வளவுதான். அது படப்பையில் என் வீட்டு பீரோவில் இருக்கிறது.

சசிரேகா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எடுத்தாந்து குடுங்க சார்."

"பாக்கலாம்" என்றேன்.

அந்தத் தாளைக் காட்டினால் முதலில் போவது என் வேலை. இரண்டாவது முத்திரையும் என்னுடையதுதானே.

7

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எங்கள் அறிக்கையை நம்பவில்லைபோல. ஆடிட்டர் ஒருவரை அனுப்புகிறது. திங்கட்கிழமை. முதலில் பார்க்க வேண்டியவர் என்று அவர் குறித்திருப்பது 'தயாரித்தவர்'. சசிரேகாவால் கேட்டைத் தாண்ட முடியாது. இந்தச் செய்தியைக் கேட்டதும் நான் செய்த காரியம், கதைக்கு முடிவு எழுத உட்கார்ந்ததுதான்.

[அடித்தது: ஆடிட்டர் புத்திசாலி. கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து, சசிரேகாவை உடனே அழைத்து வரச் சொன்னார். — இ. காரணம்: ஆடிட்டர்கள் இளநீர் குடித்துவிட்டுக் கோப்பில் இருப்பதைப் படிக்கிறவர்கள். கோப்பில் இல்லாததை எப்படிப் படிப்பார்கள்?]

[அடித்தது: ஆறு மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் அவள் ஆய்வகத் தலைவி. பெருமாள்சாமி அங்கே வேலை கேட்டு — இ. காரணம்: ஒப்பந்தக்காரர். மேலும், இது எனக்கு மட்டும் வசதியான முடிவு.]

[அடித்தது: எழிலரசி முன்னால் வந்தாள். "நான் கூடவே இருந்தேன், ஐஸ் அடுக்குனது நானு" என்று ஆடிட்டரிடம் சொன்னாள். — இ. காரணம்: எழிலரசியும் ஒப்பந்தம்தான். அவள் தைரியத்தை நான் எழுதிக் கொடுப்பதற்கு எனக்கு என்ன உரிமை?]

மூன்றையும் ஞாயிறு மதியம் சசிரேகாவுக்கு அனுப்பினேன். அரை மணியில் போன் வந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"மூணும் படிச்சேன் சார். நல்லா கீது. ஒண்ணுல ஆடிட்டர் வந்து காப்பாத்தறாரு. ஒண்ணுல நானே எப்டியோ பெரிய ஆளாயிடறேன். ஒண்ணுல எழிலு பேசறா. நீங்க எங்க சார்?"

"நான் எழுதறவன்தானே..."

"தாளு உங்க வூட்டுல தான கீது?"

"இருக்கு."

"அப்போ கதைய மூடி வெச்சிட்டு அத எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

8

இந்த மாதிரிக் கதைகளில் எழுத்தாளன் இந்த இடத்துக்கு வந்ததும் கையை உதறிக்கொண்டு, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் தள்ளிவிடுவான். நேற்று வரை எனக்கும் அதுதான் திட்டம்.

முடிவை உங்களிடம் தரமாட்டேன். நீங்கள் நல்லவர்கள். என்னைத் தாளோடு ஆடிட்டர் அறைக்குள் அனுப்பிவிட்டுத்தான் புத்தகத்தை மூடுவீர்கள். நானும் அதைப் படித்துப் படித்து, நிஜமாகவே போய்வந்ததாக நம்பிவிடுவேன். எனக்கு அது சுலபமாக வரும். லெமன் சாதம் சாப்பிட்டவன் நான்.

இன்று திங்கட்கிழமை. மணி எட்டு பத்து. ஆடிட்டர் பத்தரைக்கு வருகிறார். படப்பையிலிருந்து ஒரகடத்துக்கு நான் எட்டே முக்காலுக்குள் ஷேர் ஆட்டோ பிடித்தாக வேண்டும். பீரோ பக்கத்து அறையில். இன்னும் திறக்கவில்லை. இந்த வரியை நான் எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம். இன்னொரு பத்தி சேர்த்தால் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆகவே நிறுத்துகிறேன்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று சசிரேகாவைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். எனக்கு நன்றாக எழுத வரும்.